எச்-ஆல்ஃபா ஃபில்டர்: ஆங்ஸ்ட்ரமைக் கேட்பதற்கு முன்

சூரியனை ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் பார்க்க ஆசைப்பட்டு விசாரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: 0.7 ஆங்ஸ்ட்ரம் போதுமா, 0.5 வாங்க வேண்டுமா? ஃபில்டர் எவ்வளவு குறுகிய அலைநீளப் பட்டையை உள்ளே விடும் என்று சொல்வது அந்த எண். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பதும் அதுதான் என்பதால் கேட்பதில் தவறில்லை. ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கையில் இருக்கும் தொலைநோக்கி ஒளியை எவ்வளவு சாய்வாகக் குவிக்கிறது, அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிறுத்தப் போகிறோம் என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் வாங்கிய 0.5 ஆங்ஸ்ட்ரம் ஃபில்டர், பொருத்திய பிறகு 2, 3 ஆங்ஸ்ட்ரம் ஃபில்டரைப் போலத்தான் நடந்துகொள்ளும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்துக்காக வாங்கிய சூரிய ஃபிலிம் பல வீடுகளில் இன்னும் இருக்கும். தொலைநோக்கியின் முகப்பில் மாட்டும் வகை ஃபிலிம், ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். அதில் தெரிவது ஒளிமண்டலம், அதாவது சூரியனின் கண்கூசும் மேற்பரப்பு. கரும்புள்ளிகள் தெரியும், விளிம்பு கொஞ்சம் மங்கித் தெரியும், அவ்வளவுதான். அதற்கு மேலே சுமார் 2,000 கிலோமீட்டர் தடிமனில் நிறமண்டலம் என்றொரு அடுக்கு இருக்கிறது. விளிம்பில் எழும்பும் பிழம்புகள், வட்டத்தின் குறுக்கே கறுப்பு நூல்போல் கிடக்கும் இழைகள், கரும்புள்ளிகளைச் சுற்றிக் காந்தப்புலம் வாரிவிட்ட கோடுகள், திடீரென்று வெளுத்துப் பொங்கும் வெடிப்புகள் எல்லாம் அந்த அடுக்கோடும் அதற்கு மேல் எழுவதோடும் சேர்ந்தவை. ஒளிமண்டலத்தின் வெளிச்சத்தில் அவை முழுக்க மறைந்துபோகின்றன.

அவற்றை வெளியே எடுக்க ஒரு குறுகிய சந்து உண்டு. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் மூன்றாம் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே தாவும்போது 656.28 நானோமீட்டர் சிவப்பு ஒளி உமிழப்படும் அல்லது உறிஞ்சப்படும். சூரிய நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. கோட்டின் நடுவில், பக்கத்து ஒளியில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெளிச்சம் மிஞ்சும். மிஞ்சியிருக்கும் அந்த ஒளி நிறமண்டலத்திலிருந்து வருவது. கோட்டின் அகலம் ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ரம், அதாவது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி மொத்தமும் சுமார் 3,000 ஆங்ஸ்ட்ரம் பரப்பில் விரிந்திருக்க, அதில் அரை ஆங்ஸ்ட்ரமை மட்டும் உருவி எடுப்பதுதான் இந்த ஃபில்டரின் வேலை. விலை ஏன் அப்படி என்பதற்கும் அதுவே காரணம்.

இந்த வித்தையின் தொடக்கம் நமக்கு அவ்வளவு தூரமில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஆந்திரத்தின் குண்டூரில் இருந்தார். பிழம்புகளின் நிறமாலைக் கோடுகள் அத்தனை பிரகாசமாக இருந்ததைக் கண்டவர், கிரகணமே இல்லாமலும் இவை தெரியுமே என்று மறுநாளே பார்த்துக் காட்டிவிட்டார். இங்கிலாந்தில் லாக்யர் அதே ஆண்டு அக்டோபரில் தனியாக இதே முடிவுக்கு வந்தார். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1912 முதல் எச்-ஆல்ஃபாவில் சூரியனை நாள்தோறும் படம் பிடித்து வந்தார்கள். நூறாண்டைத் தாண்டிய அந்தத் தொகுப்பை இன்றும் ஆய்வாளர்கள் அலசுகிறார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஃபில்டர் அல்ல, நிறமாலையைப் பிரித்துக் கோடு கோடாகப் படம் தீட்டும் கருவி. அந்த வழி இப்போது அமெச்சூர்களிடம் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு கண்ணாடிக்கு இடையில்

ஃபில்டரின் இதயம் எட்டலான். பிரான்சில் ஃபாப்ரியும் பெரோவும் 1890களின் இறுதியில் உருவாக்கிய அமைப்பு அது. ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள இரண்டு தட்டையான கண்ணாடிகள், இடையே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. ஒளி இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் மோதி, இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியேறும். மற்றவை அடிபட்டுப்போகும். சில வகைகளில் காற்று இடைவெளிக்குப் பதிலாக மைக்காத் தகடு இருக்கும்.

எட்டலான் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் விடுவதில்லை. சுமார் 10 ஆங்ஸ்ட்ரத்துக்கு ஒன்றாகச் சீப்பின் பற்களைப்போல் வரிசையாக விடும். அதில் நமக்கு வேண்டிய ஒரு பல்லைத் தவிர மற்றதை அடைப்பது பிளாக்கிங் ஃபில்டர். அகச்சிவப்பையும் புறஊதாவையும் தடுப்பது ஈஆர்எஃப் என்று சொல்லப்படும் வெப்பத் தடுப்பு ஃபில்டர். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு எச்-ஆல்ஃபா அமைப்பு. எட்டலானை மட்டும் தனியாக மலிவாக யாராவது விற்றால், மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டுவிட்டுப் பேரத்தைத் தொடங்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். எட்டலான் வழியாக ஒளி நேராகப் போகும்வரைதான் அது 656.28-இல் நிற்கும். சாய்வாகப் போனால் தேர்ந்தெடுக்கும் அலைநீளம் நீலப்பக்கம் நகரும், அதுவும் கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கடுமை புரியும். எஃப்/7 தொலைநோக்கியில், அதாவது குவியத்தூரம் விட்டத்தைப்போல் 7 மடங்கு உள்ள தொலைநோக்கியில், ஒளிக்கூம்பின் ஓரக் கதிர் அச்சுக்கு 4 டிகிரி சாய்ந்து வருகிறது. காற்று இடைவெளி எட்டலானில் அந்தக் கதிருக்கு நகர்வு கிட்டத்தட்ட 17 ஆங்ஸ்ட்ரம். அடுத்த பல்லையும் தாண்டிப் போய்விடும். மைக்காவில் ஒளி உள்ளே சற்று வளைந்து செல்வதால் அது ஆறரை ஆங்ஸ்ட்ரமாகக் குறையும். அதே கூம்பை எஃப்/30-க்கு மெலிதாக்கினால் காற்றில் 0.9, மைக்காவில் 0.36 ஆங்ஸ்ட்ரம். எஃப்/30 என்ற எண்ணை எல்லாரும் ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். 0.5 என்று முத்திரை குத்திய எட்டலானை எஃப்/15-இல் வைத்தால், ஓரக் கதிர்களின் நகர்வு நான்கு மடங்காகி, முத்திரைக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

ஆகவே எட்டலானை எங்கே வைப்பது என்பதே இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. மூன்று இடங்கள் உண்டு. மூன்றும் மூன்று விதமான சமரசம்.

முகப்பில், லென்ஸுக்கு முன்னால் வைக்கலாம். சூரிய ஒளி அங்கே கிட்டத்தட்ட இணையாக வருகிறது. சூரியனின் விளிம்பே அச்சிலிருந்து கால் டிகிரிதான் விலகியிருக்கிறது, நகர்வு 0.07 ஆங்ஸ்ட்ரம், கவலையே இல்லை. வட்டம் முழுக்க ஒரே சீராகத் தெரியும். கையில் இருக்கும் சாதாரண ரிஃப்ராக்டரிலேயே (லென்ஸால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) மாட்டலாம், இரவில் கழற்றிவிட்டு நிலாவைப் பார்க்கலாம். குறை என்னவென்றால் எட்டலானின் விட்டமே உங்கள் தொலைநோக்கியின் விட்டம். 80 மி.மீ. குழாயில் 60 மி.மீ. எட்டலானை மாட்டினால் உங்களிடம் இருப்பது 60 மி.மீ. தொலைநோக்கிதான். விட்டம் கூடக் கூட விலை பாய்ந்து ஏறும். பெரிய கண்ணாடிகளை அந்த நுட்பத்துக்குத் தட்டையாக்குவது சுலபமில்லை.

இரண்டாவது, குழாயின் உள்ளே. குவியும் ஒளியை ஒரு லென்ஸால் மறுபடி இணையாக்கி, சின்ன எட்டலானுக்குள் செலுத்தி, இன்னொரு லென்ஸால் குவிப்பது. கொரோனாடோ நிறுவனத்தின் பிஎஸ்டி, லன்ட் நிறுவனத்தின் பெரும்பாலான தொலைநோக்கிகள் எல்லாம் இந்த வகை. விலை குறையும். ஆனால் ஒளிக்கற்றையை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் கோணம் மூன்று மடங்காகும், நகர்வு ஒன்பது மடங்காகும். முகப்பில் 0.07 ஆக இருந்தது இங்கே சூரிய விளிம்பில் 0.6 ஆங்ஸ்ட்ரம். அதனால்தான் சில உள் எட்டலான் தொலைநோக்கிகளில் வட்டத்தின் ஒரு பகுதி பளிச்சென்று விவரமாகவும் மீதி மொழுமொழுவென்றும் தெரிகிறது. பார்க்கும்போது சூரியனை அந்த நல்ல பகுதிக்குள் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். சுருக்கம் குறைவாக, எட்டலான் பெரிதாக இருந்தால் இந்தத் தொல்லையும் குறையும். ஒரே விட்டமுள்ள இரண்டு தொலைநோக்கிகளில் எதை எடுப்பது என்று தடுமாறினால், உள்ளே இருக்கும் எட்டலானின் விட்டம் என்ன என்று கேளுங்கள். 0.7-ஆ 0.6-ஆ என்பதைவிட அது அதிகம் சொல்லும்.

மூன்றாவது, கடைசியில், ஐபீஸ் இருக்கும் இடத்துக்கு முன்னால். 2014-இல் டேஸ்டார் நிறுவனம் கொண்டுவந்த குவார்க் ஃபில்டர் இந்த வழியைப் பரவலாக்கியது. உள்ளேயே ஒளிக்கூம்பை மெலிதாக்கும் 4.3 மடங்கு டெலிசென்ட்ரிக் லென்ஸ் இருப்பதால் எஃப்/7 ரிஃப்ராக்டர் தானாகவே எஃப்/30 ஆகிவிடும். மைக்கா எட்டலானைச் சூடேற்றி அலைநீளத்தைச் சரிசெய்யும். பவர் பேங்க் போதும், சூடேறச் சில நிமிடம் ஆகும். இருக்கும் தொலைநோக்கியின் முழு விட்டமும் பயன்படும் என்பதுதான் இதன் பெரிய ஈர்ப்பு. பதிலுக்கு, உருப்பெருக்கம் உங்கள் கையில் இல்லை. சூரியப் பிம்பத்தின் விட்டம் குவியத்தூரத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. 560 மி.மீ. குழாய் 4.3 மடங்கில் 2,400 மி.மீ. ஆகும், பிம்பம் 22 மி.மீ. அது உள்ளே அடங்காது, சூரியனைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். முழு வட்டம் வேண்டுமென்றால் 450 மி.மீ.க்கு உட்பட்ட குட்டிக் குழாய் தேவை.

கையில் என்ன தொலைநோக்கி இருக்கிறது?

ரிஃப்ராக்டர் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இங்கே விலை உயர்ந்த ஈடி கண்ணாடி, அபோக்ரோமாட் எல்லாம் தேவையே இல்லை. ஒரே ஒரு நிறத்தில் பார்க்கும்போது நிறப்பிறழ்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலாவைச் சுற்றி ஊதா வளையம் காட்டுகிறது என்று ஓரமாக வைத்த பழைய அக்ரோமாட்டுக்கு இது மறுவாழ்வு. ஆனால் பின்பக்கம் கூடுதல் லென்ஸ் வைத்த பெட்ஸ்வால் வகைக் குழாய்களில், குவார்க் போன்ற கடைசி எட்டலானை முகப்பில் வெப்பத் தடுப்பு இல்லாமல் பயன்படுத்துவதைத் தவிர்ப்பது நல்லது. குவியும் சூடு முழுக்க அந்த உள் லென்ஸின் வழியாகத்தான் போகிறது.

சூடு என்றால் எவ்வளவு? உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கொட்டும். 80 மி.மீ. லென்ஸ் அதில் 5 வாட்டை வாங்கிக் குவிக்கும், 150 மி.மீ. சுமார் 18 வாட், 200 மி.மீ. 31 வாட். அதனால்தான் 80 மி.மீ. வரை குவார்க்கை அப்படியே பயன்படுத்தலாம், அதற்கு மேல் 150 வரை டயகனலுக்கு (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) முன்னால் புறஊதா-அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் வேண்டும், அதையும் தாண்டினால் முகப்பிலேயே ஈஆர்எஃப் வேண்டும் என்ற வழிமுறை வந்தது.

ஷ்மிட்-காசகிரேன் என்ற, ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் குட்டைக் குழாய் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 8 அங்குலத்தில் சூரியனைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையும் இயல்புதான். ஆனால் முகப்பு ஈஆர்எஃப் இல்லாமல் அந்தக் குழாயைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. 31 வாட் சூடு இரண்டாம் கண்ணாடியிலும் தடுப்புக் குழாயிலும் போய் விழும். தவிர, குவியத்தூரம் 2,000 மி.மீ. உள்ள குழாயில் 4.3 மடங்கு என்றால் 8,600 மி.மீ. அதைத் தாங்கும் வானம் இங்கே எந்தக் காலையிலும் கிடைக்காது. செய்தே தீருவேன் என்றால், டெலிசென்ட்ரிக் இல்லாத எட்டலானை எடுத்து, ஈஆர்எஃப்போடு சேர்ந்த சிறிய விட்ட மூடியை முகப்பில் மாட்டி, எஃப் எண்ணை 25, 30-க்குக் கொண்டுவருவதுதான் வழி. ஆடித் தொலைநோக்கியின் மற்றொரு வகையான நியூட்டோனியனை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபிலிம் மாட்டி வெண்ணொளியில் பார்ப்பதற்கு அது நன்றாகவே இருக்கும்.

முகப்பு எட்டலானோ உள் எட்டலானோ, பிளாக்கிங் ஃபில்டரின் அளவும் குவியத்தூரத்தோடு பொருந்த வேண்டும். 6 மி.மீ. ஃபில்டர் 560 மி.மீ. குழாயின் 5.2 மி.மீ. பிம்பத்துக்கு இறுக்கமாகப் போதும். 1,000 மி.மீ. குழாயின் 9.3 மி.மீ. பிம்பத்துக்கு 12 மி.மீ. வேண்டும். கேமரா மாட்டும் எண்ணம் இருந்தால் ஒரு படி மேலே எடுப்பது புத்திசாலித்தனம்.

இரவு வானத்துக்கான எச்-ஆல்ஃபா ஃபில்டர் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நெபுலா படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் 7 நானோமீட்டர் ஃபில்டர் என்பது 70 ஆங்ஸ்ட்ரம். சூரியனுக்கு வேண்டியதைப்போல நூறு மடங்கு அகலம். பெயர் ஒன்றுதான் என்று அதை ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, எரிந்த பிறகுதான் தெரியவரும். தேடு தொலைநோக்கிக்கும் மூடி போடுங்கள், அல்லது கழற்றி வைத்துவிடுங்கள். வெறுங்குழாயாக அது பாட்டுக்குச் சூரியனைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூர் வானத்தின் கணக்கு

புத்தகங்களிலும் காணொளிகளிலும் வரும் அறிவுரைகளில் பெரும்பகுதி, வறண்ட அரிசோனாவையும் மிதமான ஐரோப்பாவையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே. சூரியன் ஆண்டு முழுக்கக் காலை 7 மணியை ஒட்டி எழுந்து, விறுவிறுவென்று நேர் மேலே ஏறி, மதியம் 1 மணியளவில் உச்சிக்கு வருகிறது. உச்சிப்பொழுதில் அது 65 டிகிரிக்குக் கீழே வருகிற நாளே கிடையாது. மார்ச், செப்டம்பர் பிற்பாதியில் தலைக்கு நேர் மேலே நிற்கும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அசிமுத் மவுண்ட்டுக்கு (குழாயைத் தாங்கும் அமைப்பு) அந்த இடம் எமகண்டம். மேலே போகப் போக பக்கவாட்டில் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும், குழாயின் பின்பகுதி முக்காலியில் இடிக்கும். பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் ஈக்குவடோரியல் மவுண்ட்டை ஒன்றேகால் டிகிரிக்குப் படுக்க வைக்க வேண்டும். பல மவுண்ட்டுகள் அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எதிர்எடைத் தண்டு காலில் மோதும். குழாய் நீளமும் எடையும் கூடக் கூட இந்தத் தலைவலி கூடும். நான் குட்டிக் குழாய் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் காற்று. 60 மி.மீ. தொலைநோக்கி இந்தச் சிவப்பு ஒளியில் 2.75 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) வரை பிரித்துக் காட்டும். 80 மி.மீ. இரண்டு, 100 மி.மீ. 1.65, 150 மி.மீ. 1.1. பகலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று பெரும்பாலும் இரண்டு, மூன்று வில்விநாடிக்குக் கீழே போகவிடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் வானத்துக்கு அருமையாகத் திறந்திருக்கும்தான். ஆனால் பத்தரை மணிக்கு அந்தக் கான்கிரீட் அடுப்புக்கல், சூரிய விளிம்பு கொதிக்கிற பால்போல் நெளியும். அதே மேல்தளம் தோட்டமாக இருந்தால் வித்தியாசம் கண்கூடு. மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரை, ஈஸ்ட் கோஸ்ட் கடலோரம் போன்று புல்லும் நீரும் உள்ள இடங்கள் இன்னும் மேல். கிழக்கு பார்த்த தாழ்வாரம் இருப்பவர்களுக்கு அதுவே போதும். ஒன்பது மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும், தரை இன்னும் முழுதாகச் சூடேறியிருக்காது. எட்டரையிலிருந்து பத்துவரைதான் நம் பொன்னான நேரம். பிற்பகல் பெரும்பாலும் இடிமேகத்துக்குச் சொந்தம். மேற்கு பார்த்த வீட்டுக்காரர்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்படிப்பட்ட ஒன்றரை மணி நேரத்தில், அதுவும் மேக இடைவெளிகளில், கார் டிக்கியிலிருந்து கனமான மவுண்ட்டை இறக்கிக் கட்டி முடிப்பதற்குள் வானம் மூடிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் தயாராகும், எச்-ஆல்ஃபாவுக்கென்றே செய்த 50, 60 மி.மீ. தொலைநோக்கி வாரத்தில் மூன்று முறை சூரியனைக் காட்டும், 120 மி.மீ. குழாயும் குவார்க்கும் மாதத்தில் ஒருமுறை வெளியே வந்தால் அதிகம். 76 மி.மீ. ஹீலியோஸ்டார், லன்ட்டின் 60, 80 மி.மீ. போன்றவை இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. 100 மி.மீ.க்கு மேலே போவதற்கு இங்கே காரணம் காட்டுவது கடினம்.

சிங்கப்பூர் வெயில் குவார்க்குக்கு இன்னொரு சங்கடத்தையும் கொடுக்கும். அதற்குச் சூடேற்றத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கறுப்பு உலோக உடல் நேர் வெயிலில் காய்ந்தால், நீலப்பக்கம் நகர்த்த நினைத்தாலும் அது இறங்க அடம்பிடிக்கும். குழாயின் முகப்பில் ஒரு அட்டையைக் குடைபோல் மாட்டி, ஃபில்டரையும் கண்ணையும் நிழலில் வைப்பது இரண்டுக்கும் நல்லது. காற்றழுத்தத்தால் சரிசெய்யும் எட்டலான்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. உள்ளே இருக்கும் காற்றை அழுத்தினால் ஒளிவிலகல் எண் கூடி அலைநீளம் சிவப்புப்பக்கம் நகரும். மூடப்படாத காற்று எட்டலானாக இருந்தால் உயரமும் கணக்கில் வரும். இங்கே கடல்மட்டத்தில் சரியாக அமைத்ததை விடுமுறைக்குக் கொடைக்கானலுக்கு எடுத்துப் போனால், 2,300 மீட்டர் உயரத்தின் அழுத்தக் குறைவால் ஏறக்குறைய 0.4 ஆங்ஸ்ட்ரம் நீலப்பக்கம் போய்விடும். அங்கே மறுபடி திருகிச் சரிசெய்ய வேண்டும்.

திருகுவது என்றால் என்ன தெரியும் என்பதையும் சொல்கிறேன். அலைநீளம் தள்ளியிருக்கும்போது வட்டம் வெறும் செம்பழுப்புத் தட்டு, ஓரிரு கரும்புள்ளிகள் மட்டும். மெல்லத் திருகினால் முதலில் கரும்புள்ளிக் கூட்டத்தைச் சுற்றி வெளிர்த் திட்டுகள் எழும்பும். பிறகு வட்டத்தின் குறுக்கே நூலிழைகள் கறுத்துத் துலங்கும், மேற்பரப்பு முழுக்கச் சொரசொரவென்று ஆகும். இன்னும் திருகினால் எல்லாம் மறுபடி கரையும். விளிம்பை உற்றுப் பாருங்கள். பிரகாசமான வட்டத்துக்கு வெளியே மெல்லிய இரண்டாவது விளிம்பு தெரிந்தால், ஒளிமண்டலத்தின் ஒளி இன்னும் கசிகிறது, பட்டை அகலம் என்று பொருள். இந்த இரட்டை விளிம்புதான் உங்கள் ஃபில்டரின் உண்மையான மதிப்பெண். பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட நம்பகமானது.

இப்போது ஆங்ஸ்ட்ரம்

விளிம்புப் பிழம்புகளைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் 0.7 அல்லது 1 ஆங்ஸ்ட்ரமே போதும். பிழம்புக்குப் பின்னால் இருப்பது இருண்ட வானம், போட்டிக்கு ஒளிமண்டலம் இல்லை. வட்டத்தின் மேற்பரப்பு விவரங்களுக்கு 0.5 அல்லது அதற்குக் கீழே வேண்டும். இரண்டாவது எட்டலானை அடுக்கி 0.7-ஐ 0.5 ஆக்கும் டபுள் ஸ்டாக் முறையில் மேற்பரப்பு உண்மையிலேயே உயிர்பெறும், ஆனால் பிழம்புகள் மங்கும், செலவு இரட்டிப்புக்கு அருகே போகும். குறுகிய பட்டைக்கு மற்றொரு விலையும் உண்டு. 0.5 ஆங்ஸ்ட்ரம் என்பது வேகத்தில் நொடிக்கு 23 கிலோமீட்டர். வெடித்துக் கிளம்பும் பிழம்பு நம்மை நோக்கி நொடிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் அதன் ஒளி 2 ஆங்ஸ்ட்ரத்துக்கு மேல் நகர்ந்துவிடும், ஃபில்டருக்குள் அது காணாமல் போகும். கண்முன்னே ஓர் இழை மறைந்தால் நீலப்பக்கம் திருகிப் பாருங்கள், ஓடிக்கொண்டிருப்பது அங்கே சிக்கும்.

இங்கேயும் நம் வானம் குறுக்கே வரும். சுமத்ராப் புகைமூட்டம் வந்த மாதங்களில், அல்லது மெல்லிய வெண்மேகம் படர்ந்த காலையில், சூரியனைச் சுற்றி ஒளி சிதறி வானமே வெளுத்திருக்கும். அதில் முதலில் அடிபடுவது பிழம்புகள்தான். மேற்பரப்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். எட்டலானை எத்தனை அடுக்கினாலும் இந்தச் சிதறலைத் தடுக்க முடியாது, அதுவும் அதே அலைநீளத்தில் வருகிறது. டபுள் ஸ்டாக்கை முதல் நாளே வாங்காமல், இடம் மட்டும் விட்டுவைக்கும் தொலைநோக்கியைத் தேர்வது என் யோசனை.

ஃபில்டரே இல்லாத வழி ஒன்று உண்டு என்றேனே. பிரான்சின் கிறிஸ்டியன் புயில் வடிவமைத்த சோலெக்ஸ், 3டி பிரிண்டரில் அச்சிடக்கூடிய நிறமாலைக் கருவி. சூரியன் ஒரு மெல்லிய பிளவைக் கடந்து நகரும்போது கேமரா பதிவு செய்யும், மென்பொருள் அதைக் கோர்த்து எச்-ஆல்ஃபா படமாக்கும். எட்டலானுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கே ஆகும், படத்தின் கூர்மை எட்டலானை நாணவைக்கும். கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் வருத்தம். பதிவின் நடுவில் மேகத்துணுக்கு ஒன்று ஓடினால் படத்தின் குறுக்கே பட்டை விழும், அது இங்கே அடிக்கடி நடக்கும். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக: கறுப்பு வெள்ளைச் சென்சார் எடுங்கள், வண்ணச் சென்சாரில் நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்பைப் பார்க்கும். எஃப்/30 கூம்புக்கு 2.4 மைக்ரான் பிக்சல் வீண், படம் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. 5.86 மைக்ரான் சென்சாரும் பாதியாகச் சுருக்கும் குவியச்சுருக்கியும் எஃப்/15-இல் நன்றாகப் பொருந்தும். படத்தில் சாய்ந்த வரிகள் தெரிந்தால் அவை நியூட்டன் வளையங்கள், கேமராவைச் சற்றே சாய்க்கும் அடாப்டர் அதற்கு மருந்து.

ஈரப்பதமும் பழைய பொருளும்

புதிதாக இறக்குமதி செய்தால் அனுப்பும் செலவோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். அதனால் பலரும் கேரோசல் இணையச் சந்தையில் பழைய பிஎஸ்டி தேடுகிறார்கள். 40 மி.மீ., எஃப்/10, 1 ஆங்ஸ்ட்ரம், 2004-இல் வந்த பொருள். பலருக்கு முதல் பிழம்பைக் காட்டியது அதுதான். அதைத் தயாரித்துவந்த மீட் நிறுவனம் 2024-இல் மூடப்பட்டதால் தயாரிப்பாளரிடம் பழுது பார்க்க அனுப்ப வழியில்லை என்பதை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். முன் லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூச்சில் துருப்போல் புள்ளிகள் படர்ந்திருக்கிறதா என்று தெரியும். பிறகு, பிளாக்கிங் ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் ஐடிஎஃப் என்ற சின்ன வட்டக் கண்ணாடி. ஈரம் ஏறினால் அதன் ஓரத்திலிருந்து உறைபனி படிந்ததுபோல் வெளுத்துக்கொண்டே உள்ளே வரும். அதுவும் நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் நடக்கும். விற்பவர் வீட்டில் டிரை கேபினட் இருந்ததா என்று கேட்பது அநாகரிகம் ஆகாது. நல்ல நிலையில் இருந்தால் பிரகாசமான விளக்கை நோக்கிப் பிடிக்கும்போது வட்டம் முழுக்க ஒரே அடர்த்தியில் சிவந்து தெரியும். திட்டுத்திட்டாக இருந்தால் அந்த ஒரு கண்ணாடியை மட்டும் மாற்றித் தரும் சிறு விற்பனையாளர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அந்தச் செலவையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சோதனை விளக்கோடு மட்டும் இருக்கட்டும். பழைய ஃபில்டர் எதையும் சூரியனில் முதல்முறை கண்ணால் பார்க்காமல் கேமரா வைத்துப் பாருங்கள், வெளிச்சம் எதிர்பாராமல் கூடுதலாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கி வந்ததை சிலிக்கா ஜெல்லோடு கேபினட்டில் 40 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துப் போனால் கண்ணாடியில் பனித்துளி படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, காலைப் பசியாறிவிட்டு வந்து எடுத்தால் சரியாக இருக்கும்.